எண்ணை மாற்றினால் தீருமா? ரசிகர் கார்டுகளை மதிப்பிடுவோர் செய்யும் தவறுகள்

மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு ஆட்டத்துக்கு ரசிகர்கள் உருவாக்கிப் போட்டிக்கு அனுப்பும் கார்டுகளுக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தால் கண் முதலில் மானா விலையில்தான், அதாவது கார்டை இறக்கக் கொடுக்க வேண்டிய மந்திர சக்தியில்தான், விழும். "மூணு மானாவுக்கு 5/5-ஆ (தாக்க 5, தாங்க 5)? பேலன்ஸே இல்லை" என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்டுவிட்டு அடுத்த கார்டுக்குப் போய்விடுவோம். நடுவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். விலை தப்பாக இருப்பது பெரும்பாலும் சின்னப் பிழை; மூன்றை ஐந்தாக்கினால் சரியாகிவிடும். அதனால் எந்தக் குறை கண்ணில் பட்டாலும் முதலில் கேட்க வேண்டியது, கார்டிலுள்ள ஒரு எண்ணை மாற்றினால் இது தீருமா என்பது. தீரும் என்றால் ஒரு மதிப்பெண் குறைத்தால் போதும். தீராது என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

எண்ணால் தீராத பிழைகளில் முதலிடம் நிறத்துக்கு. வெள்ளை, நீலம், கருப்பு, சிவப்பு, பச்சை என்ற ஐந்துக்கும் முடிந்தது இது, முடியாதது இது என்று வரையறை உண்டு. பச்சை எதிராளியின் கிரியேச்சரை (சண்டையிடும் உயிரினக் கார்டு) கொல்ல வேண்டுமானால் தன் கிரியேச்சரை அனுப்பிச் சண்டை போட வைக்கும். பறப்பவற்றைத் தவிர மற்றதைக் கை நீட்டி நேரடியாக அழிக்காது. சிவப்புக்கு ஆர்ட்டிஃபாக்டை (கருவிக் கார்டு) உடைக்கத் தெரியும், என்சான்ட்மென்ட் (மேசையில் தங்கும் மந்திரக் கார்டு) முன்னால் கையைப் பிசையும். இரண்டு பச்சை மானாவுக்கு "ஒரு கிரியேச்சரை அழி" என்று வந்தால் அதை ஏழு மானாவாக்கினாலும் பிழை போகாது. பச்சையின் பலவீனமே அங்கே காணாமல் போகிறது.

இங்கே நடுவர் சறுக்குவது முன்னுதாரணத்தில். "ஹார்னெட் ஸ்டிங் இருக்கிறதே, பச்சைதானே, நேரடியாக 1 டேமேஜ் போடுகிறதே" என்பார் வடிவமைத்தவர். 2010-இல் வந்த அந்தக் கார்டு தவறிப் போய் அச்சேறியது என்று ஆட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டரே பின்னால் சொல்லியிருக்கிறார். 2007-இன் பிளேனார் கேயாஸ் தொகுப்போ நிறங்களை வேண்டுமென்றே மாற்றி விளையாடியது. ஒற்றைப் பழைய கார்டை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அண்மைத் தொகுப்புகளில் அதே திறன் அதே நிறத்தில் மீண்டும் மீண்டும் வருகிறதா என்று தேடுங்கள். அதற்காக, நிறம் கொஞ்சம் வளைந்தாலே உடைந்துவிட்டதென்று கத்தவும் வேண்டாம்.

ஹைப்ரிட் மானாவில் பலர் கோட்டை விடுகிறார்கள். 2005-இல் ரவ்னிகா தொகுப்பில் வந்த முறை இது: இரு நிறத்தில் எதைக் கொண்டும் விலை கொடுக்கலாம். ஆகவே கார்டு செய்யும் வேலையை இரண்டில் எந்த நிறமும் தனியாகச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு நிறத்தை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், பிறகு மற்றதை. இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் அது ஹைப்ரிட் உடுப்பு போட்ட சாதாரண இருநிறக் கார்டு.

குறைபாடு என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பி மதிப்பெண் கொடுப்பதும் ஆபத்து. ஸ்கல்கிளாம்ப் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய கிரியேச்சருக்கு +1/-1. அது செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். மாட்ட ஒரு மானா. அந்த -1 தண்டனை போலத் தெரியும். ஆனால் 1/1 டோக்கனில் (கார்டு இல்லாமல் ஆட்டத்தின் நடுவே உருவாகும் கிரியேச்சர்) மாட்டினால் அது உடனே செத்து, ஒரு மானாவுக்கு இரண்டு கார்டு கையில்! 2004-இல் ஸ்டாண்டர்ட் வடிவில் (அண்மைத் தொகுப்புகளின் கார்டுகளை மட்டும் ஏற்கும் ஆட்ட முறை) தடை விழுந்தது. "இந்தத் தொல்லையை ஆட்டக்காரர் தானே விரும்பி வாங்குவாரா?" என்று கேட்காமல் குறைபாட்டுக்கு மதிப்புப் போடாதீர்கள்.

ரேரிட்டி (காமன், அன்காமன், ரேர், மித்திக் ரேர் என்று போகும் அரிதுப் படி) என்றால் பலம் என்பது இன்னொரு பழைய நினைப்பு. ஒரு சிவப்பு மானாவுக்கு 3 டேமேஜ் போடும் லைட்னிங் போல்ட் காமனாகவே வந்திருக்கிறது. காமனுக்குப் பார்க்க வேண்டியது சிக்கல். பாக்கெட்டைப் பிரித்து அங்கேயே கார்டு பொறுக்கி ஆடும் டிராஃப்டில் ஒரே காமன் மேசையில் இரண்டு மூன்று கிடக்கும். ஒவ்வொன்றும் மற்ற எல்லாக் கார்டுகளின் எண்ணையும் மாற்றினால் கிரியேச்சர் சண்டைக் கணக்கு யாருக்கும் பிடிபடாது. விதி உரை நான்கு வரியைத் தொட்டாலே இது அன்காமனுக்குப் போக வேண்டியதா என்று பாருங்கள். மித்திக் ரேர் 2008-இல்தான் வந்தது. பலமான எல்லாவற்றையும் அங்கே தள்ளும் வழக்கம் ரசிகர்களுடையது.

சொல்லமைப்பில் நடுவர்கள் கடுமை காட்டுவார்கள், ஆனால் தப்பான இடத்தில். காற்புள்ளியும் பெரிய எழுத்தும் பிசகினால் அரை மதிப்பெண்கூடப் போகக் கூடாது. 2024-இல்தான் "போர்க்களத்தில் நுழையும்போது" என்பதை "நுழையும்போது" என்று சுருக்கினார்கள். பழைய வடிவில் எழுதியவருக்குத் தண்டனை எதற்கு? வேலையை மாற்றும் சொல்லில்தான் கண் வேண்டும். "டார்கெட்" (குறி) விட்டுப்போனால் ஹெக்ஸ்ப்ரூஃப், அதாவது எதிராளி குறிவைக்க முடியாத திறன், காக்காது. எந்தக் கார்டு அடிபடப் போகிறதென்று எதிராளிக்கு முன்கூட்டியே தெரியாது. "செய்யலாம்" என்பதற்குப் பதில் "செய்" என்றிருந்தால் இரண்டு கார்டுகள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கலாம். யாராலும் நிறுத்த முடியாத கட்டாயச் சுழற்சி ஆட்டத்தை டிராவில் முடிக்கும்.

எந்த ஆட்ட வடிவுக்கு என்று கேட்காமல் மதிப்பிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். 60 கார்டு டெக்கில் நான்கு பிரதி வைத்தால் முதல் ஏழு கார்டில் ஒன்றாவது வர ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு. பலர் சேர்ந்து ஆடும் 100 கார்டு கமாண்டர் வடிவில் ஒரே பிரதிதான், உயிர் 20 அல்ல 40. "ஒவ்வொரு எதிராளியும் 2 உயிர் இழப்பார்" என்பது இருவர் ஆட்டத்தில் 2. நால்வர் மேசையில் மொத்தம் 6.

ஓவியத்துக்கு மதிப்பெண் இல்லையென்றால் ஓவியத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எல்லாக் கார்டையும் வெறும் உரையாக மாற்றி, வடிவமைத்தவர் பெயர் நீக்கி, வரிசையைக் கலைத்து ஒவ்வொரு நடுவருக்கும் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. போட்டி நிபந்தனையை மதிப்பெண்ணில் கலக்க வேண்டாம். பொருந்துகிறதா இல்லையா என்று வாசலிலேயே முடித்துவிடுங்கள். முதல் கார்டுக்கு எண் போடும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை வாசியுங்கள், இல்லையென்றால் முதல் ஐந்தில் கஞ்சமும் கடைசி ஐந்தில் தாராளமும் வரும். பத்தில் இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்த கார்டை மட்டும் சேர்ந்து பேசுங்கள். பேசியும் தீராவிட்டால் 63-க்கு 88 மில்லிமீட்டர் தாளில் எழுதி, ஒரு பழைய கார்டோடு ஸ்லீவில் செருகி, மூன்று ஆட்டம் ஆடிப் பாருங்கள்: முந்தி நிற்கும்போது, சமமாக இருக்கும்போது, தோற்றுக்கொண்டிருக்கும்போது அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளப் பிடிக்கிறதா என்று தெரியும்.

கருத்து எழுதும்போது கார்டை நீங்களே திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். "நான்காவது டர்னில் இது வந்தால் எதிராளிக்குப் பதில் சொல்ல வழியில்லை" என்று மேசையில் நடப்பதைச் சொல்லுங்கள். எந்த எண்ணை, எந்தச் சொல்லை மாற்றுவது என்பதை வடிவமைத்தவர் பார்த்துக்கொள்வார்.