உயர் இரத்த அழுத்தமும் சென்னை வெக்கையும்: உடற்பயிற்சியைத் தொடங்கும் முறை

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நேரத்தில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதனால் உண்டாகும் சூட்டைக் கழுத்து வழியே ஏறிவரும் இரத்தமே வாங்கிச் செல்வதால், அந்த இரத்தம் சூடாக வந்தால் மூளையின் வெப்பமும் ஏறிவிடும். வேகமாக நடக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. அதை உணர்ந்தவுடன் மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் பகுதியான ஹைப்போதலாமஸ் தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, வியர்வையையும் சுரக்க வைக்கிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ள பலருக்கோ தோலின் குழாய்கள் போதிய அளவு விரிவதில்லை; அதனால் வெப்பம் எளிதில் வெளியேறாமல் உடலிலேயே தங்குகிறது. 1963இல் கியோட்டோவில் உருவாக்கப்பட்ட, மரபுவழியாகவே உயர் அழுத்தம் உண்டாகும் எலி இனத்தை ஓடவிட்டுப் பார்த்த ஆய்வுகளில், மற்ற எலிகளைக் காட்டிலும் அவற்றின் மூளை கூடுதலாகச் சூடேறியது.

இதைக் கண்டு அஞ்சிப் பயிற்சியையே விட்டுவிடுவது தவறு. தொடர்ந்த பயிற்சியால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அழுத்தமும் பலருக்கு 5 முதல் 8 அலகு (மி.மீ. பாதரசம்) வரை குறைகிறது. உடல் வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும் என்பதால், அந்த நாட்களில் பொறுமை காப்பதே இதில் மிக முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

முதலில் மருத்துவரைப் பார்த்து, உட்கொள்ளும் மாத்திரைகளைக் காட்டிக் கேளுங்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கும். பீட்டா பிளாக்கர் வகை மருந்து இதயத் துடிப்பை அடக்கி வைப்பதால், நாடித்துடிப்பைக் கொண்டு களைப்பை அளக்க இயலாது. நடந்தபடியே முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பதே நல்ல அளவுகோல். அழுத்தம் 180/110க்கு மேல் இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

விடியற்காலையில் மெரினாவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ நடப்பவர்கள், வெயில் இல்லையே என்று எண்ணி வேகத்தைக் கூட்டுவதுண்டு. ஆனால் சென்னையில் அந்நேரத்தில்தான் காற்றின் ஈரப்பதம் மிகுதி. ஒழுகி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆவியாகும் வியர்வையே குளிர்விக்கும். ஆகவே சட்டை தொப்பலாக நனைந்தும் உடம்பு தணியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, காற்றோட்டமான இடத்திற்குச் செல்லுங்கள். முதல் வாரம் நாளொன்றுக்கு 10 நிமிடம், அடுத்த வாரம் 15 முதல் 20 நிமிடம் என்று ஏற்றி, பின்னர் வாரத்திற்கு 150 நிமிடத்தை எட்டலாம். கத்திரி வெயில் நாட்களில் வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் நின்ற இடத்திலேயே நடப்பது மேல். எடை தூக்கினால் மூச்சை அடக்காதீர்கள். முடிக்கும்போது சட்டென்று நிற்காமல் 5 நிமிடம் மெல்ல நடங்கள்; இல்லையெனில் கால்களில் இரத்தம் தேங்கித் தலைசுற்றும்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ 1 லிட்டர் நீரிழப்பு. வியர்வை போனதே என்று உப்பிட்ட நீர்மோரை அளவின்றிக் குடிப்பதைப் பலரிடம் காண்கிறோம்; அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பில்லாத மோரும் தண்ணீருமே ஏற்றவை. இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருந்தால் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

தலைவலி, குமட்டல், மார்பு வலி, கண் இருட்டல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்துங்கள். உடன் வந்தவர் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் மூளை சூடேறிவிட்டது என்றே கொண்டு, 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அவரை நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணியை மாற்றி மாற்றி வையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.