ஆறாம் தரத்துக்குப் பள்ளிக்கூடம் தேடும்போது கொழும்பில் நாம் விடும் பிழைகள்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த அன்று இரவு பத்து மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து தங்கை அழைத்தாள். "அண்ணா, மகனுக்கு 153. வெட்டுப்புள்ளிக்கு மேல. இனி விரும்பின ஸ்கூலைப் போடலாம்தானே?"

போடலாம். கிடைக்குமா என்பது வேறு கதை. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கான வீடுகளில் இந்தக் குழப்பம் நடக்கிறது. முடிவுகளோடு மாவட்டவாரியாக வரும் வெட்டுப்புள்ளி உதவித்தொகைக்கான தகுதியைத்தான் சொல்கிறது. அதுவும் குடும்ப வருமானம் பார்த்தே கிடைக்கும். பாடசாலைகளுக்கான வெட்டுப்புள்ளியைக் கல்வி அமைச்சு பிறகு தனியாக வெளியிடும். அது பாடசாலைக்குப் பாடசாலை மாறும். ஒரே பாடசாலையில் சிங்கள மொழிமூலத்துக்கு ஒன்று, தமிழ் மொழிமூலத்துக்கு இன்னொன்று. எத்தனை இடம் இருக்கிறது, அதற்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து வருடா வருடம் ஏறி இறங்கும். ஆகவே போன வருடப் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் எழுதும் விருப்ப வரிசை முழுவதையும் உச்சப் பாடசாலைகளால் நிரப்புவது முதல் பிழை. வரிசையில் ஒரு பாடசாலையாவது பிள்ளைக்கு நிச்சயமாகக் கிடைக்கக்கூடியதாகவும், நீங்கள் மனதார ஏற்றுக்கொள்ளக்கூடியதாகவும் இருக்கட்டும்.

அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: மாற்றத்தான் வேண்டுமா? கொழும்பில் நிறையப் பாடசாலைகள் தரம் 1 முதல் 13 வரை ஒரே வளாகத்தில் நடக்கின்றன. பிள்ளை இருக்கும் இடம் நன்றாக இருந்தால், புள்ளி கிடைத்துவிட்டதே என்பதற்காக மட்டும் பிடுங்கி நடத் தேவையில்லை. "இவ்வளவு புள்ளி எடுத்துப்போட்டு அங்கேயே விடுறீங்களா?" என்று சொந்தக்காரர் கேட்பார்கள். கேட்கட்டும்.

சரி, மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்து எல்லோரும் விழும் குழி, பெயர்.

ரோயல், டி.எஸ். சேனநாயக்க, இசிபதன என்று தமிழ் மொழிமூல வகுப்புகள் உள்ள பெரிய கல்லூரிகள் ஒரு பக்கம். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, வெள்ளவத்தை சைவ மங்கையர் கழகம், கொட்டாஞ்சேனை விவேகானந்தா என்று தமிழ்ப் பாடசாலைகள் இன்னொரு பக்கம். இவற்றில் எதையும் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு கல்லூரியின் பெயர் அதன் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. பிக் மெச் என்ற வருடாந்தக் கிறிக்கெட் போட்டி, பழைய மாணவர் சங்கம், நீச்சல் தடாகம் எல்லாம் இருக்கும். உங்கள் பிள்ளை உட்காரப்போவது தமிழ் மொழிமூல வகுப்பில். அந்த வகுப்புக்கு யார் கற்பிக்கிறார் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மூத்தவளை ஆறாம் தரத்தில் சேர்த்தபோது அந்தப் பாடசாலை 1ஏபி வகை என்று பார்த்தோம், திருப்திப்பட்டோம். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளும் உள்ள பாடசாலை. 1சி என்றால் கலை, வணிகம் மட்டும். வகை 2 என்றால் தரம் 11 வரைதான். இவ்வளவும் தெரிந்திருந்தது. அந்த விஞ்ஞானப் பிரிவு எந்த மொழிமூலத்தில் நடக்கிறது என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) முடிந்து, "உயிரியல் செய்யப் போறன்" என்று மகள் சொன்ன பிறகுதான் தமிழில் கலையும் வணிகமும் மட்டுமே இருப்பது தெரிந்தது. கேட்டிருந்தால் அலுவலகத்தில் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். இதில் பிழை எங்களுடையது. பதினாறு வயதில் புதுச் சீருடை, புது நண்பர்கள், முதல் தவணை முழுக்க மௌனம். அந்த மௌனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் மனதில் இருக்கிறது.

ஆகவே நேரில் போனால் இப்படிக் கேளுங்கள்: தமிழ் மொழிமூலத்தில் எந்தெந்த உயர்தரப் பிரிவுகள் இப்போது நடக்கின்றன? இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? தரம் 6 முதல் 9 வரை விஞ்ஞானத்தை விஞ்ஞான ஆசிரியர்தான் எடுக்கிறாரா, அல்லது பாடவேளை நிரப்ப யாராவது வருகிறாரா? அப்புறம் அழகியல் பாடம். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஐந்து வருடம் கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளை புது இடத்தில் தமிழில் சங்கீத ஆசிரியர் இல்லாததால் சித்திரத்துக்குப் போக வேண்டி வந்தால், அது பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை. சமய பாடத்துக்கும் இதே கேள்விதான். கத்தோலிக்கப் பாடசாலையில் சைவநெறிக்கு ஆசிரியர் உண்டா, இந்துப் பாடசாலையில் கத்தோலிக்கத்துக்கு உண்டா என்று கேளுங்கள். ஓ.எல்.லில் சமயம் கட்டாயப் பாடம்.

பயணம். மட்டக்குளியிலிருந்து பம்பலப்பிட்டி ஏறத்தாழ 10 கிலோமீற்றர்தான். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது. காலி வீதி நெரிசலை நம்ப முடியாது என்பதால் பாடசாலை வான்காரர் ஆறு மணிக்கு முன்பே வாசலில் ஹோர்ன் அடிப்பார். 1.30க்கு மணி அடித்தாலும், வான் நாலு இடம் சுற்றி வீட்டுக்கு வர மூன்று மணி தாண்டும். பிறகு ரியூஷன். கிறிக்கெட் பயிற்சியோ விவாத அணியோ இருந்தால் வான் நிற்காது, இன்னொரு வழி தேட வேண்டும். ஆகவே பெரிய கல்லூரியின் மைதானத்தை நம்பிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, வானுக்காக ஒரு நாளும் அந்த மைதானத்தில் இறங்கவிடாத பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறோம். விண்ணப்பிக்கும் முன் ஒரு பாடசாலை நாளில், ஒரேயொரு தடவை, அந்த நேரத்தில் அந்தப் பாதையில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்ப்பது கணக்கில் வராது.

போனால் அதிபரைச் சந்திப்பதோடு திரும்பிவிடாதீர்கள். அதிபர் நல்லதைத்தான் சொல்வார், அது அவர் வேலை. 1.30க்கு வாசலில் நின்று பாருங்கள். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், ஆசிரியர் கடந்து போகும்போது முகம் எப்படி மாறுகிறது, காத்திருக்கும் அம்மாமார் என்ன பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். பெண் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் ஏழாம், எட்டாம் தரப் பிள்ளை ஒருத்தியிடம் கழிவறையைப் பற்றிக் கேளுங்கள். "நாங்க போறதில்லை அன்ரி" என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று அர்த்தம்.

ஆங்கிலம் பற்றி இரண்டு பிழைகள். ஒன்று, இருமொழிக் கல்வியை விசாரிக்காமல் விடுவது. தரம் 6இலிருந்து கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்திலும், சமயம், தாய்மொழி, வரலாறு ஆகியவற்றைத் தமிழிலும் படிக்கும் ஏற்பாடு பல அரச பாடசாலைகளில் உண்டு. ஆனால் அது தரம் 11 வரை தொடர்கிறதா, நடுவில் ஆசிரியர் போனதும் நின்றுவிட்டதா என்று மேல் வகுப்புப் பெற்றோரிடம் கேட்க வேண்டும். மற்றது, ஆங்கிலத்துக்காக மட்டும் சர்வதேசப் பாடசாலைக்கு ஓடுவது. லண்டன் பாடத்திட்டத்தில் படித்தால் அரச பல்கலைக்கழக அனுமதிக்கு வழி மிகவும் ஒடுங்கிவிடும், ஏனென்றால் அந்த அனுமதி உள்ளூர் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) இசட் புள்ளியில், அதாவது பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளியில்தான் நடக்கிறது. வெளிநாட்டில் படிப்பிக்கக் கையில் வழி இருந்தால் அது வேறு. இல்லாவிட்டால் சேர்க்கும் அன்றைக்கே தரம் 13 வரையான கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள், வருடா வருடம் ஏறும் என்பதையும் சேர்த்து.

வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுவர யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிப்படி, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவும் நுவரெலியாவும் அந்தப் பட்டியலில் உள்ளன, கொழும்பு இல்லை. எந்த மாவட்டத்துக்குள் பிள்ளை அடங்கும் என்ற விதிகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் கையேட்டில் இருக்கின்றன. வாடகை வீடு பார்க்கும் முன் அதை வாசியுங்கள்.

காசு பற்றிச் சுருக்கமாக. இலவசக் கல்வி என்றாலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணம், வகுப்புக்கு மின்விசிறி, திரைச்சீலை, நிறப்பூச்சு என்று வந்துகொண்டே இருக்கும். மேல் வகுப்புப் பெற்றோரைக் கேட்டால் உண்மையான தொகை தெரியும். அனுமதிக்கென்று யாராவது கையில் காசு கேட்டால் அது இலஞ்சம். இந்தக் குற்றச்சாட்டில் அதிபர்கள் கைதான செய்திகளை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம்.

இன்னொரு சிறு விஷயம், அவசரத்தில் பலர் கோட்டை விடுவது: புதுப் பாடசாலை இடத்தை எழுத்தில் உறுதிசெய்யும்வரை பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுக்காதீர்கள். முதல் சுற்றில் கிடைக்காவிட்டால் மேன்முறையீடு உண்டு. அதுவும் சரிவராவிட்டால், நல்ல ஓ.எல். பெறுபேற்றோடு உயர்தரத்துக்கு வேறு பாடசாலைக்கு மாறும் பிள்ளைகள் கொழும்பில் வருடந்தோறும் உண்டு.

இவ்வளவையும் தங்கைக்குச் சொல்லி முடிக்கப் பதினொரு மணி தாண்டிவிட்டது. "அவனைக் கேட்டனியா?" என்றேன். "அவனுக்கு என்ன தெரியும் அண்ணா?" என்றவள், சற்று நேரம் கழித்துத் திரும்ப அழைத்தாள். தூங்காமல் படுத்திருந்தானாம். விவேகானந்தாவில் சதுரங்க அணி இருக்கிறதா என்று கேட்டானாம், அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் எங்கே போகிறான் என்று. இரண்டுக்கும் அவளிடம் பதில் இல்லை. திங்கட்கிழமை 1.30க்கு வாசலில் போய் நின்று விசாரிக்கப் போவதாகச் சொன்னாள்.