காணாமல் போன அந்த ஒன்று

2 ஜிபி ராமில் ஒழுங்காக ஓடிய, ஒரு கார்டை இயக்கும் லினக்ஸ் டிரைவர், 16 ஜிபி கணினியில் அவ்வப்போது குப்பை டேட்டாவைத் தந்தது. கார்டு டேட்டாவை எழுதும் நினைவகப் பகுதியான பஃபரின் பிசிகல் முகவரியை (ராமில் அது உண்மையில் இருக்கும் இடத்தை) அச்சிட்டுப் பார்த்தேன்: ஹெக்ஸில் 123456000. அந்த முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளும் கார்டின் ரெஜிஸ்டரிலோ 23456000. முன்னால் இருந்த 1 காணோம்! (வெறும் பாயின்டரை அச்சிட்டுப் பார்க்காதீர்கள், லினக்ஸின் மையமான கெர்னலின் 4.15 பதிப்பு முதல் கலைத்துப்போட்ட எண்தான் வரும்.)

பழைய டிரைவர், மெய்நிகர் முகவரியைப் பிசிகல் முகவரியாக மாற்றும் விர்ட்_டு_ஃபிஸ் கொடுத்ததை 32 பிட் மாறியில் திணித்திருந்தது. 4 ஜிபியைத் தாண்டினால் மேல்பிட்டுகள் போய்விடும். கார்டு வேறு யாருடைய நினைவகத்திலோ எழுதும். பயங்கரம்!

சரி, கார்டு சிபியு இல்லாமல் நேரடியாக நினைவகத்தைத் தொடுவதுதான் டிஎம்ஏ. முதலில் கார்டுக்கு எத்தனை பிட் முகவரி வரை எட்டும் என்று கெர்னலுக்குச் சொல்லும் டிஎம்ஏ மாஸ்க்கை 32 பிட் என்று அறிவித்தேன். அப்புறம் பஃபரை டிஎம்ஏவுக்குத் தயார் செய்யும் டிஎம்ஏ_மேப்_சிங்கிள் தரும் முகவரியை மட்டுமே கார்டுக்குக் கொடுத்தேன். பஃபர் எங்கிருந்தாலும் கார்டுக்கு எட்டும் முகவரியைக் கெர்னலே ஏற்பாடு செய்துவிடுகிறது. டேட்டாவைப் படிக்கும் முன் அந்த ஏற்பாட்டை விலக்கும் அன்மேப்பையோ, சிபியுவுக்கான சிங்க்கையோ செய்வது கட்டாயம்.