எதிர்பார்த்த மெயில்தான் ஆபத்து: பண நெருக்கடி நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்த நண்பர் ஒருவர் ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு எனக்கு ஒரு மெயிலை ஃபார்வர்டு செய்தார். மேலே "கிடைச்சிடுச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தே வேலை, நல்ல சம்பளம். இன்டர்வியூ முழுக்க சாட்டிலேயே முடிந்திருந்தது, முகமும் பார்க்கவில்லை, குரலும் கேட்கவில்லை. லேப்டாப் வாங்க அவர்களே செக் அனுப்புவார்களாம், இவர் அதைத் தன் கணக்கில் போட்டுவிட்டு அவர்கள் கைகாட்டும் கடைக்காரருக்குப் பணம் அனுப்ப வேண்டுமாம். நண்பர் கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். வேலையில் இருந்த காலத்தில் இதே மெயில் வந்திருந்தால் இரண்டாவது வரியிலேயே டெலீட் செய்திருப்பார்.

அதனால், பேராசைப்படுகிறவன்தான் ஏமாறுவான், நமக்கென்ன என்று நினைப்பதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். லாட்டரி விழுந்தது என்று வரும் மெயில் ஆசைக்கு வீசும் தூண்டில், சரி. காசு இல்லாத காலத்தில் வருகிற மெயில் அப்படி இருக்காது. வரி ரீஃபண்ட், கடன் தவணைக்கு அவகாசம், நிவாரணத் தொகை, வேலை என்று நாம் எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோமோ அதுவாகவே வந்து நிற்கும். 2008-இல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்து, வாஷிங்டன் மியூச்சுவல் வங்கி ஜேபி மார்கன் சேஸ் கைக்குப் போனபோது, தன் பணம் இப்போது யாரிடம் இருக்கிறது என்றே பலருக்குக் குழப்பம். அந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான் "உங்கள் கணக்கு புது வங்கிக்கு மாறுகிறது, உறுதிசெய்ய லாகின் செய்யுங்கள்" என்று போலி மெயில்கள் கிளம்பின. அங்கே நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்த ஆண்டே மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவைச் சாக்காக வைத்து வந்த ஃபிஷிங் (ரகசிய விவரங்களைக் கறக்கும் போலி), மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள் கொண்ட) மெயில்களை மட்டும் ஜிமெயில் ஒரு நாளைக்கு 1.8 கோடி தடுத்ததாக கூகுள் சொன்னது. அப்புறம் அந்த கூகுளே ஏமாந்த கதையும் உண்டு. 2013 முதல் 2015 வரை லிதுவேனியாக்காரர் ஒருவர், சப்ளையர் பெயரில் பொய் இன்வாய்ஸ் அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமிருந்தும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார், 2019-இல் அவருக்கு ஐந்து வருடம் சிறை. அந்தப் பில்லைப் பாஸ் செய்தவர்களுக்கு என்ன பேராசை? வந்த பில்லுக்குப் பணம் கட்டினார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, எழுத்துப்பிழை தேடுவது. "இங்கிலீஷ் தப்பா இருந்தா ஃப்ராடு" என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி ஒரு கட்டுரையில் இதைத் தலைகீழாகப் பார்த்தார்: "நான் நைஜீரிய இளவரசர், என் பெரும் சொத்தை வெளியே கொண்டுவர உதவினால் உங்களுக்கும் பங்கு" என்பது மாதிரி நம்பமுடியாத கதையைச் சொல்வது மோசடிக்காரனுக்கு லாபம்தான், ஏனென்றால் சந்தேகப்படுகிற ஆள் அங்கேயே விலகிவிடுவார், மிஞ்சுகிறவர்களிடம் மட்டும் நேரத்தைச் செலவழித்தால் போதும். ஆக, அந்த அசட்டுத்தனமே ஒரு சல்லடை. இப்போது ஏஐ வைத்து எந்த மொழியிலும் பிழையில்லாமல் எழுதிவிடலாம் என்பதால், சுத்தமாக எழுதப்பட்ட மெயில் எதற்கும் அத்தாட்சி இல்லை.

அனுப்பியவர் பெயரை நம்புவதும் அப்படித்தான். மெயில் ஓடுகிற எஸ்எம்டிபி என்ற முறை 1982-இல் வந்தபோது, அனுப்புகிறவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் கிடையாது. தபால் உறையின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாமே, அதே கதை. பின்னால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று சோதனைகள் வந்தன, உண்மைதான். ஆனால் மெயில் அந்த டொமைனிலிருந்துதான், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரிலிருந்துதான், வந்ததா என்பதை மட்டுமே அவை பார்க்கும், அந்த டொமைன் உங்கள் வங்கியுடையதா என்று பார்க்காது. வங்கியின் பெயரோடு ஒரு கோடும் "ரீஃபண்ட்" என்ற சொல்லும் சேர்த்து புது டொமைன் வாங்கியவனும் அதில் ஜம்மென்று பாஸ் ஆகிவிடுவான்.

போனில் பெயர் மட்டும்தான் தெரியும், அதைத் தொட்டால்தான் முழு முகவரி விரியும். லிங்க் என்றால் விரலை அதன்மேல் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறதோ அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். "டாட் காம்" என்பதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சொல்தான் வீட்டுக்காரர், அதற்கும் முன்னால் புள்ளி வைத்து எந்த வங்கியின் பெயர் இருந்தாலும் அது அவர் வாசலில் மாட்டிக்கொண்ட போர்டு. இதெல்லாம் தலைசுற்றுகிறது என்றால் ஒன்று செய்யலாம், நான் செய்வதும் இதுதான்: மெயிலில் உள்ள லிங்க்கையோ போன் நம்பரையோ தொடாமல், வங்கியின் ஆப்பை நானே திறந்து பார்ப்பேன். உண்மையான செய்தி என்றால் அங்கேயும் இருக்கும்.

இனி அந்த செக் விஷயம். செக்கைப் போட்ட ஒன்றிரண்டு நாளில் கணக்கில் பணம் காட்டினால், பாஸ் ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். பல சமயம் அது வங்கி நம்மை நம்பி முன்கூட்டியே காட்டுகிற பணம். போலி செக் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம், அதற்குள் நீங்கள் அந்தக் "கடைக்காரருக்கு" அனுப்பியது உங்கள் சொந்தக் காசு. வங்கி உங்களிடம்தான் வந்து கேட்கும். "உங்கள் கணக்குக்குப் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுங்கள்" என்கிற வேலை இதைவிட மோசம். வருவது இன்னொருவரிடம் திருடிய பணம், போலீஸ் தேடும்போது அகப்படுவது உங்கள் பெயர்.

கடன் தருகிறேன் என்பவன் முதலில் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பிராசஸிங் ஃபீ, இன்சூரன்ஸ், வரி என்று பெயர் எதுவாகவும் இருக்கட்டும். சின்னத் தொகைதானே என்று கட்டினால், கட்டியது வீணாகக் கூடாதே என்று அடுத்ததையும் கட்டுவோம், "இதுதான் கடைசி" என்று மூன்றாவது வரும். கிஃப்ட் கார்டு வாங்கி அதன் நம்பரை அனுப்பச் சொன்னால் யோசிக்கவே வேண்டியதில்லை, எந்த அரசு அலுவலகமும் அப்படி வரி வசூலிப்பதில்லை.

திட்டிப் பதில் எழுதுவதும் வேண்டாம், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக்கொடுப்பதுதான் மிச்சம்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலை, மெயிலில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி எடுத்த எண்ணுக்கு அழைத்தார். அப்படி ஒரு வேலையே இல்லை என்றார்கள், அந்த வாரம் இதைக் கேட்டு அழைத்த முதல் ஆள் இவர் இல்லையாம். பணம் போகவில்லை. ஆனால் அடையாள அட்டையின் நகலை "சேர்க்கைப் படிவத்தோடு" ஏற்கெனவே அனுப்பியிருந்தார், அதை எனக்கே மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார். வெட்கம். இந்த வெட்கத்தில் போகும் மூன்று நாள்தான் பெரிய நஷ்டம், ஏனென்றால் போன பணத்தை மறிக்க முடிகிற வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கே அழைத்து. பிறகு போலீஸில் புகார். இதற்கிடையில் "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு மெயில் வரும், பெரும்பாலும் அதே கும்பல் அல்லது உங்கள் பெயரை அவர்களிடம் விலைக்கு வாங்கிய கும்பல்.

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் மாற்ற வேண்டியது மெயில் பாஸ்வேர்டை, மற்ற எல்லாக் கணக்குகளின் ரீசெட் லிங்க்கும் அங்கேதானே வருகிறது. பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். மாற்றியதோடு எழுந்துவிடாமல் மெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். உங்களுக்கு வரும் மெயிலையெல்லாம் தனக்கும் ஒரு நகல் அனுப்பும்படி மோசடிக்காரன் அங்கே ஒரு விதி எழுதி வைத்திருந்தால், பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.