8080-ஐ மறைத்த சர்வீஸ் பெயர்

காட்பாடியில் நண்பர் கடையின் பில்லிங் சர்வர், உபுண்டு லினக்ஸ். புரோகிராமை ஸ்டார்ட் செய்தால் 8080 போர்ட் (புரோகிராம் நெட்வொர்க் இணைப்புகளை ஏற்கும் எண்) ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாக எரர். பயன்பாட்டில் உள்ள போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் கமாண்ட் அவுட்புட்டில் 8080-ஐ கிரெப் செய்தால், அதாவது அந்த எண் உள்ள வரிகளை மட்டும் தேடினால், ஒரு வரியும் வராது. ரீபூட், ஃபயர்வால், ரீஇன்ஸ்டால் எதற்கும் மசியவில்லை. நாட்கள்தான் போயின.

கிரெப் இல்லாமல் முழு லிஸ்டையும் படித்தபோது 'ஹெச்டிடிபி-ஆல்ட்' என்று ஒரு வரி. அதுதான் 8080! எட்சி டைரக்டரியில் போர்ட் எண்களுக்கான பெயர்ப் பட்டியலாக உள்ள சர்வீசஸ் ஃபைலைப் பார்த்து எஸ்எஸ் எண்ணைப் பெயராக்கிக் காட்டுகிறது. அங்கே ஓடுவது எந்தப் புரோகிராம் என்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. ரெட்ஹாட் லினக்ஸ் மெஷினில் இதே எண் 'வெப்கேஷ்' என்று வரும்.

அட்மின் உரிமை தரும் சூடோ போட்டு எஸ்எஸ்ஸுக்கு எல், டி, என், பி நான்கு ஆப்ஷனும் கொடுத்தேன். 'என்' எண்ணைக் காட்டியது, 'பி' புரோகிராமைக் காட்டியது: எப்போதோ போட்டுவைத்த டாம்கேட் என்ற வெப் சர்வர். அதை ஸ்டாப் செய்து டிஸேபிளும் செய்ததும் பில்லிங் ஓடியது. பெரிய நிம்மதி.