காயம் ஆறிய ரெட்ரீவரை மீண்டும் தண்ணீருக்குப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவிலுள்ள தனியார் குட்டை ஒன்றில், உரிமையாளரின் அனுமதியுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் லாப்ரடார் நாய்களைப் பழக்கி வருகிறோம். வீழ்ந்த பறவையைக் கவ்வி எடுத்துவரும் ரெட்ரீவர் வகை நாய்கள் இவை. நீர்ப்பறவை வேட்டைக்கென்று வெளிநாடுகளில் உருவான பயிற்சி இது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று நம் நாட்டில் அந்த வேட்டைக்கு இடமில்லை என்பதால், சுட்டு வீழ்த்திய வாத்துக்குப் பதிலாகக் கித்தான் துணியில் செய்த டம்மியை எறிகிறோம். மற்றபடி விசில் கேட்கும்வரை அசையாமல் உட்காருவது, விழுந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்வது, நேர்கோட்டில் நீந்திச் செல்வது, பல் பதியாமல் கவ்வி வந்து கையில் ஒப்படைப்பது ஆகிய எல்லாமே அதே பாடங்கள்தாம்.

சென்ற மாதம் புதிதாக வந்து சேர்ந்த இளைஞர் ஒருவர், முன்கால் சுளுக்கிலிருந்து அப்போதுதான் மீண்ட தம் நாயைக் குட்டைக்கரையில் நிறுத்தி, "நேற்றிலிருந்து நொண்டவே இல்லை அண்ணா" என்று சொல்லியபடி டம்மியை நடுத்தண்ணீருக்கு வீசினார். நாய் கரையிலேயே நின்றுவிட்டது. அவர் அதன் பின்புறத்தில் கைவைத்துத் தள்ள முனைந்தபோது, என்னையும் மீறிக் குரலை உயர்த்திவிட்டேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே கரையில் அதே காரியத்தைச் செய்தவன் நான்.

கட்டு நனையக் கூடாது, புண்ணை நக்கவிடக் கூடாது, மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள்வரை மருந்தை நிறுத்தக் கூடாது என்பவற்றையெல்லாம் நாய் வளர்ப்பவர் எவரும் அறிவர். அவற்றை இங்கே எழுதவில்லை.

நொண்டல் நின்றதைக் குணமானதாகக் கொள்வது

டம்மியைக் கண்டவுடன் ரெட்ரீவருக்கு வலி மறந்துபோகும். ஆகவே பயிற்சிக் களத்தில் நாய் எப்படி ஓடுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. இரவு முழுவதும் படுத்து எழுந்த நாயை, உடல் சூடேறுவதற்கு முன், தார்ச்சாலையில் தளர்ந்த கயிற்றுடன் மெதுவாகத் துள்ளுநடையில் கூட்டிச்சென்று, வேறொருவரை எதிரே நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். முன்காலில் வலி மிச்சமிருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை சற்றே மேலெழும். நல்ல கால் படும்போது தாழும். பயிற்சி தொடங்கிய பிறகும் ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் இதே சோதனையைச் செய்துவிட்டுத்தான் அடுத்த படிக்குச் செல்கிறேன்.

மனிதர்களுக்கான வலி மாத்திரை

கொடுக்கவே கூடாது. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தயக்கத்தை அடமாக எண்ணித் தண்ணீருக்குள் தள்ளுவது

இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் எனக்கு எட்டு மாதங்களைத் தின்ற தவறு இது.

என் நாய் மிளகுக்கு அப்போது இரண்டரை வயது. கவாத்து வெட்டிய தேயிலைப் பாத்தியில் பந்தைத் துரத்தி ஓடியபோது, வெட்டப்பட்ட தண்டின் கூர்முனை வலது முன்பாதத்தின் அடிமெத்தையைக் கிழித்துவிட்டது. தையல் தேவைப்படாத, ஒரு நகத்தின் நீளமேயுள்ள கிழிசல். பன்னிரண்டு நாட்களில் மூடிக்கொண்டது. வீட்டு முற்றத்தில் நொண்டாமல் ஓடியது. பதினைந்தாம் நாள் குட்டைக்குக் கூட்டிச்சென்றேன். மூடிக்கொண்ட இடத்தில் வந்திருந்தது இளஞ்சிவப்பான மெல்லிய தோல் என்பதையும், அது பழைய மெத்தையைப் போல் தடித்து உரமேறப் பல வாரங்கள் ஆகும் என்பதையும், தண்ணீரில் ஊறினால் இன்னும் இளகிவிடும் என்பதையும் மருத்துவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கேட்டுக்கொண்டேன், மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் டம்மியை மிளகு எடுத்துவந்தது. இரண்டாவதற்கு விசில் ஊதியபோது, சரளைக் கற்கள் நிறைந்த கரையின் விளிம்புவரை போய் நின்று, வலது பாதத்தைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தது. காதுகள் பின்னுக்கு மடிந்திருந்தன. உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டது. இன்று அந்தக் காட்சியை நினைத்தால், ஒரு நாய் இதைவிடத் தெளிவாக எதையும் சொல்லியிருக்க முடியாது என்று தோன்றுகிறது. அன்றோ, இரண்டு வாரம் சோபாவில் படுத்துச் சொகுசு கண்டுவிட்டது என்று எண்ணி, குரலை உயர்த்தி, கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தண்ணீருக்குள் செலுத்தினேன். ஊறி இளகியிருந்த புதுத்தோல் கல்லின் விளிம்பில் பிளந்தது. அது வீறிட்டது, அப்படியும் நீந்திப் போய் டம்மியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தது. கித்தானில் பற்கள் ஆழப் பதிந்திருந்ததையும், அது நின்ற கல்லில் சிவப்பாகக் கசிந்ததையும் பிறகே பார்த்தேன்.

பாதம் ஐந்து வாரங்களில் ஆறிவிட்டது. ஆனால் தண்ணீர், விசில், என் குரல், வலி ஆகிய நான்கையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்ட அதன் மனம் ஆறவில்லை. அந்தக் கரையில் இறங்க மறுத்தது. பின்னர் எந்தக் கரையிலும் இறங்க மறுத்தது. இங்கேதான் புதியவர்கள் மீண்டும் தவறுகிறார்கள்: மறுப்பைக் கண்டதும் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். நான் அந்த விசிலையே கைவிட்டு வேறு ஒலியுள்ள விசிலுக்கு மாறினேன். புல் மண்டிய, மெல்லச் சரிந்து இறங்கும் வேறொரு குட்டையைத் தேடிப்பிடித்து, முதல் மூன்று வாரங்கள் எதையும் எறியாமல், முழங்கால் நீரில் நானே நின்றுகொண்டு அது தானாக வருகிறதா என்று காத்திருந்தேன். குன்னூர்ப் பக்கத்து ஜனவரியில் முழங்கால் நீரில் நிற்பது எப்படியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதன்பின் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த வழக்கமான டம்மியை விட்டு, குட்டிகளுக்கான பாதி எடை டம்மியைக் கால் நனையும் ஆழத்தில் இட்டேன். பிறகு வயிறு நனையும் ஆழத்தில். பிறகுதான் நீந்தும் ஆழத்தில். அழுந்தக் கவ்வும் பழக்கம் போகத்தான் அதிக நாளாயிற்று.

ஆகவே காயத்துக்குப் பின் முதன்முறையாக நாய் விளிம்பில் நின்றால், நானும் நிற்கிறேன். அதன் காலை எடுத்து விரலிடுக்குவரை பார்க்கிறேன்; ஒன்றும் தென்படாவிட்டாலும், நிலத்தில் எளிதாக எடுக்கக்கூடிய ஒரு டம்மியோடு அன்றைய பயிற்சியை முடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். உண்மையிலேயே அடம்பிடித்ததாக இருந்தால் இழப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

ஓய்வு நாட்களில் பாடத்தையே விட்டுவிடுவது

ஓய்வு காலுக்குத்தான். வராந்தாவில் உட்காரவைத்து, டம்மியை வாயில் பிடித்துக்கொண்டு சொல்லும்வரை விடாதிருக்கவும், கையசைவைப் பார்த்து இடம் வலம் தலைதிருப்பவும் பழக்கலாம். வேலையில்லாத லாப்ரடார் செருப்பைத்தான் தின்னும்.

பழைய அளவிலேயே உணவிடுவது

ஓட்டம் குறைந்தால் சோறும் குறைய வேண்டும். கூடிய எடை முழுவதும் அந்தக் காலில்தான் இறங்கும்.

குளிர்நீரில் நெடுநேரம் நீந்தவிடுவது

நியூஃபவுண்ட்லாந்தின் பனிக்கடலில் மீனவர்களோடு உழைத்த நாய்களின் வழித்தோன்றலுக்கு நீலகிரிக் குளிர் என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். உழைத்துப் பழகிய உடலுக்குச் சரி. மூன்று வாரம் படுத்திருந்த உடலுக்கு அது பொருந்தாது. பழக்கம் விட்டுப்போன நாய் குளிர்ந்த நீரில் வெகுநேரம் நீந்தினால், மறுநாள் வால் அடியிலிருந்தே தளர்ந்து, நனைந்த துணிபோலத் தொங்குவதுண்டு. வால் ஒடிந்துவிட்டதென்று பதறுவார்கள். வாலின் அடித்தசை பாதிக்கப்படுவதால் வருவது அது. பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில் சரியாகிவிடும். ஆனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உறைபனிக் காலத்தில் வெயில் ஏறிய பிறகே இறக்குகிறேன். முதல் வாரத்தில் இரண்டு டம்மிகளுக்கு மேல் எறிவதில்லை. கரையேறியதும் வால்வரை துண்டால் துவட்டிவிடுகிறேன்.

கவாத்து வெட்டிய தோட்டத்தில் அவிழ்த்துவிடுவது

கூடாது.

குட்டையில் பறவை இருக்கும்போது தொடங்குவது

சட்டத்தின் பார்வையில் வேட்டை என்பது கொல்வது மட்டுமன்று. காட்டுயிர்களைப் பிடிப்பதும் விரட்டுவதும், அதற்கு முயல்வதும்கூட அதில் அடங்கும். முக்குளிப்பான் ஒன்றே ஒன்று மிதந்தாலும் டம்மிப் பையைத் திறக்காமல் திரும்பிவிடுகிறோம்.