நூலக அறிவியலில் தீசிஸ் தலைப்பு தேடுகிறீர்களா? முதலில் பழைய ஆய்வேடுகளை எண்ணுங்கள்

கோலாலம்பூரில் நூலகத் தகவல் அறிவியல் முதுகலையில் சேரும் தம்பி தங்கைகள் முதல் செமஸ்டர் முடிந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்தத் தலைப்பு எடுத்தால் சீக்கிரம் முடியும்?" கேள்வியில் தப்பில்லை. பாதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறார்கள், கட்டணமும் சொந்தக் கையிலிருந்துதான் போகிறது. ஆனால் இதை என்னிடமோ சூப்பர்வைசரிடமோ கேட்பதைவிட, உங்களுக்கு முன்னால் படித்தவர்கள் என்ன ஆராய்ந்தார்கள், யாரிடம் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று நீங்களே உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது நல்லது. அந்தப் பட்டியலைப் போட்டுவிட்டால் தலைப்பு கிடைப்பதோடு முந்தைய ஆய்வுகளைப் பற்றிச் சொல்லும் உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் பாதியும் எழுதிய மாதிரி. எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் எல்லை போடுங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, முதுகலை மட்டுமா முனைவர் பட்டமும் சேர்த்தா. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்த முதுகலைப் படிப்பு 1987இல் தொடங்கியது. யூஐடிஎம்மில் (மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) அது இன்ஸ்டிடியூட்டாக இருந்த காலத்திலேயே, 1968இல், நூலகக் கல்வி வந்துவிட்டது. கோம்பாக்கில் இருக்கும் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை உண்டு. மூன்றையும் முழுக்க எடுக்க ஒருவரால் முடியாது. கடைசிப் பத்து ஆண்டுகள், ஒன்று அல்லது இரண்டு இடங்கள் போதும். ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்குபவர்களையும், பாடங்களை முடித்துவிட்டு ஒரு சின்ன ஆய்வறிக்கை கொடுப்பவர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். இரண்டுக்கும் கிடைக்கும் நேரம் வேறு, அதனால் தேர்ந்தெடுக்கும் முறைகளும் வேறு.

அப்புறம் தேடும் இடங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் ஆய்வேடுகளுக்கென்றே ஓர் இணையக் களஞ்சியம் இருக்கிறது. யூஐடிஎம்முக்கும் தனிக் களஞ்சியம் உண்டு. பல பல்கலைக்கழகங்களைச் சேர்த்துத் தேட, புத்ரா பல்கலைக்கழக நூலகம் உருவாக்கிய மலேசியன் தீசிஸ் ஆன்லைன் உதவும். இங்கே கவனிக்க வேண்டியது, துறையின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். மலாயாவில் இந்தப் படிப்பு நெடுங்காலம் கணினி அறிவியல் புலத்தின் கீழ் இருந்தது, பிறகுதான் கலை, சமூக அறிவியல் புலத்துக்கு மாறியது. யூஐடிஎம்மிலும் புலத்தின் பெயர் மாறியிருக்கிறது. இப்போதைய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பழையவை மொத்தமாக விடுபட்டுப் போகும், நீங்களோ ஆய்வே நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆங்கிலச் சொற்களோடு பெர்ப்புஸ்தாக்காஆன் (நூலகம்), லித்தெராசி மக்லுமாட் (தகவல் எழுத்தறிவு, அதாவது வேண்டிய தகவலைத் தேடிப் பயன்படுத்தும் திறன்) போன்ற மலாய்ச் சொற்களையும் போட்டுத் தேடுங்கள். இணையத்தில் ஏறாத பழைய அச்சுப் பிரதிகளுக்கு நூலகப் பட்டியலைப் பார்த்து நேரில்தான் போக வேண்டும்.

கிடைத்ததை எல்லாம் ஒரே ஷீட்டில் போடுங்கள், ஓர் ஆய்வேட்டுக்கு ஒரு வரிசை. ஆண்டு, பட்டம், மொழி, மேற்பார்வையாளர், தலைப்பு, இவை களஞ்சியத்திலேயே கிடைக்கும். உண்மையான வேலை அடுத்த நான்கு கட்டங்களில் இருக்கிறது: எதைப் பற்றியது, யாரை ஆராய்ந்தது, எந்த முறையில் தரவு சேர்த்தது, எந்த மொழிப் பொருளைத் தொட்டது. நான்காவதைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

தலைப்பை மட்டும் படித்து இந்தக் கட்டங்களை நிரப்பாதீர்கள். "மின்னணு வளங்களின் பயன்பாடு" என்று தலைப்பு இருக்கும், உள்ளே கேள்வித்தாளைப் பார்த்தால் திருப்தியாக இருக்கிறீர்களா என்பதைத்தான் கேட்டிருப்பார்கள். சுருக்கத்தையும் ஆய்வு முறையைச் சொல்லும் மூன்றாம் அத்தியாயத்தையும் படித்துவிட்டு நிரப்புங்கள். சில களஞ்சியங்களில் முழு ஆய்வேடும் திறக்காது, முதல் சில பக்கங்களோடு நின்றுவிடும். அப்படிப்பட்டவற்றுக்குத் தனி நிறம் கொடுத்து வையுங்கள். ஊகித்து நிரப்பினால் பின்னால் வரும் எண்ணிக்கை எல்லாம் ஆடும்.

பொருளை வகைப்படுத்த நீங்களே புதிதாகப் பிரிவுகளைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பின்லாந்தைச் சேர்ந்த யார்வலின், வக்கரி இருவரும் இந்தத் துறையின் இதழ்க் கட்டுரைகளை வகைப்படுத்தி 1990இல் வெளியிட்ட ஒரு திட்டம் இருக்கிறது. உலகம் முழுக்கப் பலர் அதை எடுத்துத் தங்கள் நாட்டுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். அதையே பயன்படுத்தினால் உங்கள் எண்ணிக்கையை மற்ற நாடுகளோடு ஒப்பிடலாம். பள்ளி வளமையம் (பள்ளி நூலகம்), உள்ளூர் மொழிச் சேகரிப்பு போன்று இங்கே தேவைப்படும் ஒன்றிரண்டு பிரிவுகளை மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவரே வகைப்படுத்தினால் அவருடைய சாய்வு அதில் வந்துவிடும். கூடப் படிக்கும் ஒருவரிடம் 40 ஆய்வேடுகளைக் கொடுத்து, உங்கள் பதிலைக் காட்டாமல் வகைப்படுத்தச் சொல்லுங்கள். இருவரும் 34இல் ஒத்துப்போனால் அது 85 சதவீதம். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் தற்செயலாக ஒத்துப்போனதும் அடங்கும். ஜேக்கப் கோகன் 1960இல் சொன்ன காப்பா அளவு அதைக் கழித்துவிடுகிறது. தற்செயலாக ஒத்துப்போக 25 சதவீதம் வாய்ப்பு இருந்தால், 85இலிருந்து 25ஐக் கழித்து, 100இலிருந்து 25 போன மீதியால் வகுக்க வேண்டும். 60ஐ 75ஆல் வகுத்தால் 0.80. இது நல்ல எண். ஆனால் எண்ணைவிட அந்த ஆறு வேறுபாடுகள்தான் உங்களுக்குப் பயன்படும். ஏன் வேறுபட்டோம் என்று இருவரும் பேசினால், எந்தப் பிரிவின் விளக்கம் சொதப்பலாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பெயர்களைச் சரிசெய்வது மலேசியத் தரவுக்கே உரிய பெரிய வேலை. வெளிநாட்டு மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். நம் பெயர்களில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதற்குப் பின்னால் வருவது அப்பா பெயர், மலாய்க்காரர்களுக்கு "பின்" (bin), "பிந்தி" (binti) என்பதற்குப் பின்னால் வருவதும் அப்படித்தான். மென்பொருள் பாட்டுக்கு விட்டால் முனியாண்டி என்று அப்பா பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். மேற்பார்வையாளர் பெயரில் டாக்டர், புரோஃபெசர் மாட்யா (இணைப் பேராசிரியர்), டத்தோ என்று பட்டம் மாறிக்கொண்டே வரும், அதனால் ஒருவரே மூன்று பேராக எண்ணப்படுவார். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் இப்படி ஒத்த பெயர்களைக் கூட்டிக் காட்டும். கடைசி முடிவை மட்டும் நீங்கள் கண்ணால் பார்த்து எடுங்கள்.

இனி எண்ணலாம். இப்படி எண்ணிப் பார்ப்பது நமக்கு அந்நியமான சங்கதி இல்லை, சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1948லேயே நூலகப் பணிக்குப் புள்ளியியல் வேண்டும் என்று இங்கிலாந்தில் பேசியவர். பொருள் எத்தனை, முறை எத்தனை என்று தனித்தனியாக எண்ணுவதோடு நிற்காமல், பொருளை ஒரு பக்கமும் ஆராயப்பட்டவர்களை மறுபக்கமும் வைத்துக் குறுக்கு அட்டவணை போடுங்கள். வழக்கமாகத் தெரியவருவது இதுதான்: தகவல் தேடும் பழக்கம், தகவல் எழுத்தறிவு, சேவைத் திருப்தி, ஆராயப்பட்டவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், முறை கேள்வித்தாள். இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செமஸ்டர் கணக்கில் நேரம், நெறிமுறைக் குழு அனுமதிக்கு ஒரு காத்திருப்பு, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் சக மாணவர்கள், இப்படி இருந்தால் யாரும் அந்த வழியைத்தான் எடுப்பார்கள். அந்த வழியிலேயே நீங்களும் போவதானால், அதே கேள்வித்தாளை ஐந்தாவது தடவையாகக் கொடுப்பதால் புதிதாக என்ன தெரியப்போகிறது என்பதற்கு ஒரு பதில் உங்களிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணும்போது பெரிய பெரிய விதிகளைப் பொருத்திப் பார்க்கும் ஆசை வரும். லோட்காவின் 1926ஆம் ஆண்டு விதி, ஒரு துறையில் சிலர் நிறைய எழுதுவார்கள், பலர் ஒன்றோடு நின்றுவிடுவார்கள் என்பது. மாணவர் ஒருவர் ஒரு பட்டத்துக்கு ஓர் ஆய்வேடுதான் எழுதுவார், ஆகவே இதை மாணவர்களுக்குப் பொருத்த முடியாது. மேற்பார்வையாளர்களுக்கு வேண்டுமானால் பார்க்கலாம். பிராட்ஃபோர்டின் 1934ஆம் ஆண்டு விதி இன்னும் பயனுள்ளது: ஆய்வேடுகளின் மேற்கோள் பட்டியல்களை எடுத்து, எந்தச் சில இதழ்களிலிருந்து பெரும்பகுதி வருகிறது என்று பாருங்கள். 1996இலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் வெளியிடும் மலேசிய நூலகத் தகவல் அறிவியல் இதழ் அதில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தாலே, நம் மாணவர்கள் உள்ளூர் ஆய்வைப் படிக்கிறார்களா என்பது தெரியும். நெதர்லாந்தின் லெய்டனில் உருவான விஓஎஸ்வியூவர் என்ற மென்பொருள் குறிச்சொற்களின் தொடர்புகளை அழகழகாகப் படம் போட்டுக் கொடுக்கும், ஆனால் 60 ஆய்வேடுகளுக்கு அது தேவையில்லை. களஞ்சியத்தில் குறிச்சொற்களும் ஆளுக்கொரு மாதிரி இருப்பதால் படம் பொய் சொல்லவும் கூடும். நல்ல அட்டவணை ஒன்று போதும்.

சரி, இப்போது காலியான கட்டங்கள். காலியாக இருப்பதெல்லாம் நல்ல தலைப்பு ஆகாது. சில கட்டங்கள் காலியாக இருப்பதற்குக் காரணம், அங்கே கேட்க எதுவும் இல்லை. சில, அனுமதியோ தரவோ கிடைக்காததால் காலி. மூன்றாவது வகை, அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர் இந்தப் படிப்புக்கு அதிகம் வராததால் காலியாக இருப்பவை. நான்காவது கட்டத்தை நிரப்பச் சொன்னது இதைக் கண்டுபிடிக்கத்தான். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இந்தத் துறைக்கு வந்தால் அவரால் மட்டுமே தொடக்கூடிய கேள்விகள் இந்த நாட்டில் குவிந்து கிடக்கின்றன. மனதார விரும்பிச் சொல்கிறேன், அவற்றை யாராவது எடுக்க வேண்டும்.

உதாரணத்துக்குச் சில. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, மலேசியாவில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். தமிழில் சொந்தக் காசில் புத்தகம் போடும் எழுத்தாளர்களுக்கும், கோயில் கும்பாபிஷேக மலர், சங்க ஆண்டு மலர் போடுபவர்களுக்கும் இந்தச் சட்டம் எந்த அளவு தெரியும், அவற்றில் எவ்வளவு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது? அடுத்தது, தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் பட்டியலிடும்போது ழ, ள, ற ஒவ்வொன்றுக்கும் கீழே கோடோ புள்ளியோ வைத்து எழுதும் முறை இருக்கிறது. இந்திய ஆய்வியல் துறை 1956இலிருந்து இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே, ஒரு மாணவர் தமிழ் நூலை அந்தப் பட்டியலில் எப்படித் தேடுகிறார், எத்தனை தடவையில் கிடைக்கிறது? 1924இலிருந்து 2019வரை வந்த தமிழ் நேசனின் பிரதிகள் எங்கெங்கே, எந்த நிலையில் இருக்கின்றன? 500க்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கும் நாட்டில் அவற்றின் வளமையங்களில் தமிழ்ப் புத்தகங்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பினாங்குக்காரர்களுக்கு, 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் அது, அங்கே தனியார் வீடுகளிலும் சங்கங்களிலும் இருக்கும் சேகரிப்புகளைக் கணக்கெடுப்பதே ஒரு முழு ஆய்வு. இவற்றில் எதையாவது ஏற்கெனவே யாராவது செய்திருந்தால் உங்கள் ஷீட் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது அவர் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

மேற்பார்வையாளரிடம் போகும்போது ஷீட்டை முழுக்கக் காட்டாதீர்கள், யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரே பக்கத்தில் இரண்டு அட்டவணை, காலியான கட்டம் ஒன்று, அது ஏன் காலி என்று உங்கள் ஊகம், உங்களால் ஏன் முடியும் என்று இரண்டு வரி. அவருக்குத் தமிழ் தெரியாது என்றால் தரவைச் சரிபார்க்கத் தமிழ் தெரிந்த இணை மேற்பார்வையாளர் ஒருவரை இந்திய ஆய்வியல் துறையிலிருந்து கேட்கலாமா என்று நீங்களே முதலில் எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் கேள்வி எப்படியும் வரும்.

எழுதும்போது "இது பற்றி இதுவரை எந்த ஆய்வும் இல்லை" என்று மட்டும் எழுதவே கூடாது. தேர்வாளர் ஒருவர் ஒரே ஓர் ஆய்வேட்டை எடுத்துக் காட்டினால் கதை முடிந்தது. எந்தக் களஞ்சியங்களில், எந்தச் சொற்களைப் போட்டு, எந்தத் தேதியில் தேடினீர்கள், எத்தனை கிடைத்தது, அதில் எத்தனை தமிழ்ப் பொருளைத் தொட்டது என்று எழுதுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதே சொற்களைப் போட்டு இன்னொரு தடவை தேடி, புதிதாக வந்ததையும் சேர்த்து எண்களைத் திருத்திவிடுங்கள். களஞ்சியங்களில் பழைய ஆய்வேடுகளும் தாமதமாக ஏறிக்கொண்டே இருக்கும்.